எங்க ஊருக்கு டீ வந்த வழி

சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் எங்க ஊர்க் கடையில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்ததும், "என்ன இருந்தாலும் கிராமத்து டீ கிராமத்து டீதாங்க" என்பார்கள். கம்பு, வரகு, நல்லெண்ணெய் மாதிரி டீயும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இங்கே இருக்கிற சரக்கு என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அப்படி இல்லீங்க. எங்க ஊரில் முதல் டீக்கடை வந்ததே எங்க அய்யாவுக்கு மீசை முளைத்த பிறகுதான். பிள்ளையார் கோயில் வேப்பமரத்துக்கு இருக்கிற வயசு டீக்குக் கிடையாது.

நான் ஒரு டீப்பைத்தியம். மாடு கறக்க உட்காரும் முன்னாடி ஒன்று, கறந்து முடித்து ஒன்று, பதினொரு மணிக்கு வயலில் ஒன்று என்று ராத்திரிக்குள் ஆறு கணக்காகிவிடும். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன். டீயைக் குறைக்கச் சொன்னது மட்டும் காதில் விழவில்லை. நாற்பது வருசத்துக்கு மேல் விடாமல் குடிக்கிற பொருள் எப்படி இந்தப் புதுக்கோட்டைக் காட்டுக்கு வந்து சேர்ந்தது என்று ஒரு நாள் கேள்வி வந்தது. பெரியவர்களிடம் கேட்டதையும் கிடைத்த புத்தகங்களில் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டீ வருவதற்கு முன்னால் இங்கே என்ன குடித்தார்கள்? காலையில் நீச்சத்தண்ணி. பழைய சோற்றில் ஊறின தண்ணீரில் உப்புப் போட்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தால் மதியம் வரைக்கும் ஏர் ஓட்டலாம். வெயில் ஏறினால் கம்பங்கூழ் கரைசல், இல்லையென்றால் மோர். சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் கசாயம். எங்க அப்பத்தா மோரைக் காசுக்கு விற்றதே இல்லை. கேட்டு வந்தவர்களுக்குச் சும்மா ஊற்றும். பாலைக் காசாக்குவது பாவம் என்று அதுக்கு ஒரு கணக்கு.

காப்பிதான் முதலில் வந்தது. அதுவும் அக்ரகாரத்துக்கும் டவுன் கிளப்புக் கடைகளுக்கும். ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். காப்பி வீட்டுக்குள் பித்தளை டபராவில் வைத்துக் குடிக்கிற நடுத்தர வர்க்கத்துப் பானமானது. டீ உழைக்கிறவன் தெருவில் நின்று குடிக்கிற பானமானது. எங்க ஊர்ப்பக்கம் இது கண்ணால் பார்த்த விஷயம். விருந்தாளி வந்தால் "காப்பித்தண்ணி குடிக்கிறீகளா" என்றுதான் இன்றைக்கும் கேட்போம். உள்ளே போடுவது டீயாக இருந்தாலும் வாயில் வருவது காப்பிதான்.

டீ என்கிற பேரே கப்பலில் வந்தது. சீனாவின் தெற்குக் கரையில் ஃபூஜியன் பக்கம் இதை 'தே' என்று சொல்வார்கள். அங்கிருந்து டச்சுக்காரர்கள் சரக்கோடு சொல்லையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 'தேயிலை'யில் இருக்கிற தேயும், இலங்கைத் தமிழர்கள் சொல்கிற 'தேத்தண்ணி'யில் இருக்கிற தேயும் அதுதான். சீனாவின் மற்ற பக்கங்களில் 'சா' என்பார்கள். மலையாளத்துச் 'சாயா'வும் வடக்கத்திச் 'சாய்'யும் அந்த வழி. இலைக்குத் தமிழில் சொந்தப் பேர் இல்லாததே அது நம்ம மண்ணில் முளைக்காதது என்பதற்குச் சாட்சி.

வெள்ளைக்காரனுக்கு டீ சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1823ல் அஸ்ஸாமில் சிங்ஃபோ என்கிற மலைமக்கள் காட்டுத் தேயிலையைப் பயன்படுத்துவதை ராபர்ட் புரூஸ் என்கிறவர் அறிந்தார். 1839ல் அஸ்ஸாம் டீ லண்டனில் ஏலம் போனது. ஆனால் நம்ம ஜனங்களின் கதை அஸ்ஸாமில் தொடங்கவில்லை, இலங்கையில் தொடங்குகிறது. அதுவும் காப்பியில்.

இலங்கை மலைநாட்டை எங்க பக்கம் 'கண்டிச்சீமை' என்பார்கள். அங்கே முதலில் காப்பித் தோட்டம்தான் போட்டார்கள். காப்பிக்கு வேலை பழம் பறிக்கிற பருவத்தில் மட்டும். அதனால் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து ஆண்கள் அறுப்புக்குப் போகிற மாதிரி போய்விட்டுத் திரும்புவார்கள். 1869ல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சணம் விழுந்தது. கொஞ்ச வருசத்தில் இலங்கைக் காப்பியே அழிந்துபோனது. பயிருக்கு நோய் விழுந்தால் என்ன ஆகும் என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல வேளையாக, அதற்கு இரண்டு வருசம் முன்னால், 1867ல், ஜேம்ஸ் டெய்லர் என்கிறவர் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். துரைமார்கள் எல்லோரும் அவர் வழிக்குத் திரும்பினார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் வருகிறது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து வந்துகொண்டே இருக்கும், வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை கிள்ளிக்கொண்டே இருக்கணும். ஆக வருசம் முழுக்க ஆள் வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். பறித்துவிட்டு ஊர் திரும்புகிற கூலி போய், குடும்பத்தோடு லயத்தில் குடியிருக்கிற கூலி வந்தது. ஒரு செடியின் குணம் லட்சக்கணக்கான ஜனங்களின் வாழ்க்கையை மாற்றிவிட்டது.

அதே சமயம் இங்கே 1876லிருந்து 78 வரைக்கும் தாது வருசத்துப் பஞ்சம். எங்க அப்பத்தா அதை அதோட அப்பத்தா சொல்லிக் கேட்டது. எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் எடுத்த கதை எல்லாம் சொல்லும். பஞ்சத்தில் ஊருக்குள் வந்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான். அந்த முன்பணம் கடனாக எழுதப்படும். போகிற வழிச் செலவும் கடனில் ஏறும். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. இவ்வளவு கடன் பாக்கி, கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டுக்குத் 'துண்டு' என்று பேர். ஒரு மனுசனின் விலை அந்தத் துண்டில் இருக்கும். 1921ல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

ரயிலும் கப்பலும் ஒழுங்காக வருவதற்கு முன்னால் எல்லாம் நடைதான். ராமநாதபுரம் கரைக்கு நடந்து, தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நூறு மைலுக்கு மேல் நடப்பார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ரயிலோடு சேர்ந்த கப்பல் வந்தது. அப்புறம் மண்டபம் முகாமில் அடைத்து வைத்து, நோய் சோதனை முடித்து ஏற்றினார்கள். எங்க பக்கத்தில் இன்றைக்கும் சில குடும்பங்களுக்குக் 'கண்டியார் வீடு' என்று பேர் இருக்கிறது.

கடல் தாண்டாமல் போனவர்களும் உண்டு. நீலகிரி, மூணாறு, ஆனைமலை. வால்பாறையில் காடழித்துத் தோட்டம் போட்ட வேலை பெரும்பாலும் 1890களுக்குப் பிறகு நடந்தது. அங்கே மலேரியாவுக்கும் குளிருக்கும் அட்டைக்கும் பலியானவர்களைப் பற்றித் தோட்டத்து டாக்டராக இருந்த பி. எச். டேனியல் 1969ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்தார். 2013ல் பாலா எடுத்த 'பரதேசி' படம் வந்த வழியும் அதுதான். படத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்க ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்றைக்குச் சாயந்திரம் கடையில் டீ வாங்கவில்லை. மறுநாள் காலையில் வாங்கினார்.

இவ்வளவு பேர் பாடுபட்டு விளைந்த டீயை ரொம்ப நாளைக்கு நம்ம ஊர்களில் யாரும் குடிக்கவில்லை. எல்லாம் கப்பலேறியது. தோட்டத்துக்காரர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்தது சரக்கு தேங்கினபோதுதான். 1903லேயே டீ ஏற்றுமதியில் ஒரு வரி பிடித்து அந்தக் காசில் டீயைப் பரப்புவதற்குச் சட்டம் வந்திருந்தது. 1930களில் உலகம் முழுக்க விலை விழுந்தது. 1933ல் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் கையிலிருந்த ஜாவா, சுமத்ரா எல்லாம் சேர்ந்து ஏற்றுமதிக்கு அளவு போட்டுக்கொண்டன. மிச்சச் சரக்கை எங்கே தள்ளுவது? அப்போதுதான் ரயில் நிலையம், மில் வாசல், சந்தை, திருவிழா என்று அடுப்போடு வந்து இறங்கி, டீ போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். எப்படிப் போடணும் என்று அந்தந்த மொழியில் தகரப் பலகை அடித்து மாட்டினார்கள். ஏழைக்கு எட்டுகிற மாதிரி சின்னப் பொட்டலம் போட்டார்கள். காந்தி டீ, காப்பி இரண்டுமே உடம்புக்கு வேண்டாம் என்று எழுதினார். மற்றதில் எல்லாம் அவர் பேச்சைக் கேட்ட ஜனங்கள் இதில் மட்டும் கேட்கவில்லை.

டீ கடைக்கோடி ஊருக்கு வந்ததுக்கு ஒரு இயந்திரமும் காரணம். அஸ்ஸாமில் 1930களில் சி.டி.சி. என்று ஒன்று வந்தது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். சுதந்திரத்துக்கு அப்புறம் இது நாடு முழுக்கப் பரவியது. குருணையும் தூளும் கொஞ்சம் போட்டாலே சாயம் கடுமையாக இறங்கும், பால் ஊற்றினாலும் தாங்கும். ஒரு கிலோவில் நிறைய கிளாஸ் வரும். முழு இலை டீயாகவே இருந்திருந்தால் எங்க ஊர்க் கூலிக்கு அது எட்டியிருக்காது.

எங்க ஊரில் முதல் கடை ஐம்பதுகளில் வந்தது என்று அய்யா சொல்வார். கீற்றுக் கொட்டகை, கரி போட்டு எரிக்கிற பித்தளைப் பாய்லர், இரண்டு பெஞ்சு. பாய்லருக்குள் ஒரு காசு போட்டிருப்பார்கள், தண்ணீர் கொதித்தால் அது கடகடவென்று ஆடும். தினத்தந்தி ஒன்று வரும். படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். நீச்சத்தண்ணி வீட்டில் குடிப்பது, தனித்தனியாகக் குடிப்பது. டீதான் ஊர் ஆம்பளைகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து உலக விஷயம் பேசவைத்தது. பொம்பளைகள் கடை முன்னால் நிற்கவே மாட்டார்கள், தூக்குவாளியோடு பிள்ளையை அனுப்புவார்கள்.

'ஊர் ஆம்பளைகள்' என்று சொன்னேன். எல்லோரும் இல்லை. கடையின் பின்பக்கக் கீற்றுத் தட்டியில் நாலைந்து அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். காலனியிலிருந்து வருகிறவர் அதை அவரே எடுத்து, கழுவி, தரையில் வைக்கணும். மாஸ்டர் கை படாமல் மேலேயிருந்து ஊற்றுவார். எங்க தாத்தா வயசுக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடித்துவிட்டு, மறுபடியும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அதே தூள், அதே பால், அதே காசு. அதற்கு முன்னால் சிரட்டையில் ஊற்றினார்களாம். அலுமினிய டம்ளர் வந்ததை முன்னேற்றம் என்று பேசினவர்களும் இருந்தார்கள்.

இத்தனைக்கும் தீண்டாமை ஒழிந்தது என்று 1950லேயே அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. கடையில் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கி 1955ல் தனிச் சட்டமும் வந்தது. எங்க ஊர் டம்ளர் மட்டும் தட்டியை விட்டு இறங்கவில்லை. அது எப்படி இறங்கியது என்பதைச் சொல்ல மறுபடியும் கண்டிச்சீமைக்குப் போகணும்.

இலங்கைக்கு 1948ல் சுதந்திரம் கிடைத்த கையோடு ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். மூன்று நாலு தலைமுறையாக அங்கே தேயிலை வளர்த்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கணும். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பாகம் பிரிப்பது போல. எண்பதுகளில் அங்கே சண்டை மூண்டு கப்பல் நிற்கிறவரைக்கும் ஜனங்கள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அங்கேயே தங்கிப்போனவர்களின் கணக்கு 2003ல் வந்த சட்டத்தில்தான் தீர்ந்தது.

திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. 1976ல் அதுவே டான்டீ நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் பல குடும்பங்கள் மறுபடியும் கூடையை மாட்டிக்கொண்டன. மற்றவர்களுக்குச் சின்னதாக ஒரு கடனைக் கொடுத்துக் கடை கண்ணி வைத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வியாபாரம் தெரியாத ஜனம். பல பேர் கையில் காசு கரைந்துபோனது.

அப்படி ஒரு கடனோடு எழுபதுகளின் கடைசியில் ஒரு குடும்பம் எங்க ஊர்க் காலனிக்கு வந்தது. அவர்களுடைய பாட்டனார் இங்கிருந்து போனவராம். வந்தவருக்கு உழவு தெரியாது, தேயிலை தெரியும். பஸ் நிற்கிற இடத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு டீக்கடை வைத்தார். ஒரே செட் கண்ணாடி கிளாஸ். எல்லோருக்கும் அதுதான். ஊரில் கசமுசா ஆனது. நாலு பெரியவர்கள் போய், "எங்க ஆளுகளுக்குத் தனியா வைப்பா" என்றார்களாம். "அய்யா, கவர்மெண்டு குடுத்த கடன்ல ஒரு செட்டுதான் வாங்க முடிஞ்சுச்சு" என்றாராம் அவர். சிரிக்காமல் சொன்னாராம்.

முதலில் காலனி ஆட்கள் மட்டும் குடித்தார்கள். அப்புறம் ரோடு போட வந்த வெளியூர் ஆட்கள், லாரிக்காரர்கள், பஸ் டிரைவர், கண்டக்டர். ஹைஸ்கூலுக்குப் பஸ் ஏறுகிற பையன்களான நாங்கள். என் நாக்கு டீக்குப் பழகியது அங்கேதான். அவர் போடுகிற டீ வேற மாதிரி இருக்கும். தூளைக் கொதிக்க விடமாட்டார். கொதித்த தண்ணீரைத் தூள் மேல் ஊற்றி மூடி வைப்பார். "தேத்தண்ணியை அவிக்கக் கூடாது தம்பி, ஊறப் போடணும்" என்பார். அவர் மட்டும் பால் சேர்க்காமல் பிளேன்டீதான் குடிப்பார், உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்துக் கடித்துக்கொண்டு. தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தானாம். பாலுக்கு எங்கே போவது என்பார்.

பழைய கடையின் டம்ளர் உடனே போய்விடவில்லை. எங்க தெருப் பெரியவர்கள் சிலர் சாகிறவரைக்கும் அந்தப் பஸ் ஸ்டாப் கடையில் வாய் நனைக்கவில்லை. ஆனால் பழைய கடைக்குக் காலனி ஆட்கள் வருவது நின்றது. அடுத்த தலைமுறை திருப்பூருக்குப் போய்ச் சம்பாதித்து வந்தது. அவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு நாள் பார்த்தால் தட்டியில் டம்ளர் இல்லை. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்க ஊரில் போனது எல்லா ஊரிலும் போகவில்லை. இரட்டைக் குவளைச் செய்தி இன்னும் பேப்பரில் வருகிறது. பேப்பர் கப் வந்த பிறகு சில கடைகளில் யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காகிதம் என்று பார்த்தால் பழைய கணக்கு தெரியும் என்கிறார்கள்.

டீ மாற்றின இன்னொன்று பால். டீக்கடையும் பால் சொசைட்டியும் வந்த பிறகு எங்க வீட்டு மாட்டுக்குத் தினம் வருமானம் என்று ஒன்று வந்தது. மழை பொய்த்த வருசங்களில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவை அந்தப் பால்தான் பார்த்தது. சும்மா கொடுக்கிற மோர் அதோடு நின்றது. அப்பத்தாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான்.

வயல் வேலையிலும் டீ நுழைந்துவிட்டது. முன்னே களை எடுக்க வருகிறவர்களுக்குக் கூழோ கஞ்சியோ ஊற்றுவோம். இப்போது பதினொரு மணிக்கு டீயும் வடையும் வரணும், கூலி பேசும்போதே அதைச் சொல்லிவிடுவார்கள். கூழ் பசியை அடக்கும், டீ பசியைக் கொஞ்ச நேரம் மறக்கத்தான் வைக்கும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒழுங்காகச் சேராது என்று நர்சம்மா ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். களை எடுக்கிற பெண்களுக்கு அந்தக் கால் மணி நேர உட்காரல் முக்கியம். டீயைச் சாக்கிட்டுக் கிடைத்த ஓய்வு அது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வராது.

இன்றைக்கு இந்தியாவில் விளைகிற டீயில் பெரும்பகுதியை நாமேதான் குடிக்கிறோம். கப்பலேறின சரக்கு வீடு திரும்பிவிட்டது. விளைவித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு நன்றாக இல்லை. நீலகிரியில் ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டுத் தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து போராடிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். கடையில் தூள் விலையைப் பாருங்கள், அதில் இலைக்காரனுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் நான் போடுகிற அதே வகுத்தல்தான்.

பஸ் ஸ்டாப் கடையை இப்போது அவருடைய பேத்தி நடத்துகிறது. எங்க ஊரில் பெண் ஒருத்தி பாய்லர் முன்னால் நின்று டீ ஆற்றுவது இதுதான் முதல் தடவை. இப்போது பெண்களும் வந்து பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். தூளை அந்தப் பிள்ளையும் அவிப்பதில்லை, ஊறத்தான் போடுகிறது. ஊர்ப்பக்கம் வந்தால் அங்கே ஒரு பிளேன்டீ கேட்டுப் பாருங்கள். வெல்லம் கேட்டால் கொடுக்கும்.